மின்சாரம் எடுக்கும் ஏரியின் நீர்மட்டத்தை ஆண்டு முழுவதும் கையாள்வது எப்படி: மும்பையின் மலை ஏரிகளை வைத்து ஒரு முழு வழிகாட்டி

தாராவியில் எங்கள் தெருப் பையன் ஒருவன் எலெக்ட்ரிகல் படித்துவிட்டு ஒரு நீர்மின் நிலையத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தான். முதல் மாதம் முடிந்து வீட்டுக்கு வந்தவன் என்னிடம் கேட்டான்: "அண்ணாச்சி, ஏரில 70 சதவீதம் தண்ணி இருக்கு. போதுமா?"

"எந்தத் தேதில 70?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அவனுக்குக் கேள்வியே புரியவில்லை.

ஜூலை 10-இல் 70 சதவீதம் என்றால் இன்னும் இரண்டு மாத மழை பாக்கி, இடம் போதாது. அக்டோபர் 15-இல் 70 என்றால் மே மாதம் திண்டாட்டம். ஏப்ரல் கடைசியில் 70 என்றால், கோடையில் கொடுத்திருக்க வேண்டிய தண்ணீரைப் பூட்டி வைத்துவிட்டு, அடுத்த மழையில் அதை வழியவிடப் போகிறோம் என்று அர்த்தம். ஒரே எண், மூன்று நிலைமை. தேதியைச் சொல்லாமல் நீர்மட்டத்தைச் சொன்னால் அது பாதித் தகவல்தான். இந்த வேலை முழுவதும் இந்த ஒன்றைச் சுற்றித்தான் ஓடுகிறது. அன்று அவனுக்குச் சொன்னதையும், முப்பது வருடம் ஆபரேஷன் பிரிவில் இருந்து கற்றதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எந்த ஏரிகளைப் பற்றிப் பேசுகிறோம்

ஜூலை வந்தால் மும்பையில் எல்லா வீட்டிலும் ஏழு ஏரிகளின் பேச்சுதான். பாட்சா, தான்சா, மோடக்சாகர் என்று தினமும் சதவீதம் பார்க்கிறோம். அவை குடிநீர் ஏரிகள். மின்சார ஏரிகள் வேறு பக்கம் இருக்கின்றன. சென்னை மெயிலில் ஊருக்குப் போகும்போது கர்ஜத்தில் வண்டிக்குப் பின்னால் எஞ்சின் மாட்டி மலையேற்றித் தள்ளுவார்களே, அந்த மலைத்தொடரின் உச்சியில்தான் அவை இருக்கின்றன. லோனாவாலா, வல்வண், ஷிராவ்டா ஏரிகளின் தண்ணீர் கோபோலி மின்நிலையத்துக்கு இறங்குகிறது. டோக்கர்வாடி ஏரித் தண்ணீர் பிவ்புரிக்கு, முள்ஷி ஏரித் தண்ணீர் பீராவுக்கு. கோபோலி 1915-இல் ஓடத் தொடங்கியது, பிவ்புரி 1922-இல், பீரா 1927-இல். மூன்றும் டாடா நிறுவனத்தின் நிலையங்கள். இன்றைய மொத்தத் திறன் 447 மெகாவாட்.

இங்கே ஒரு விசேஷம் உண்டு. இந்த ஏரிகளில் சேர்வது கிழக்கே பீமா, கிருஷ்ணா வழியாக வங்கக் கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர். அதை மலையைத் துளைத்து மேற்கே திருப்பி, ஏறத்தாழ 500 மீட்டர் கீழே கடலோரக் கொங்கணத்தில் விழச் செய்கிறார்கள். டர்பைனைச் சுற்றிவிட்டு அது பாதாள்கங்கா, உல்ஹாஸ், குண்டலிகா ஆறுகளில் கலந்து அரபிக் கடலுக்குப் போகிறது. டர்பைன் வழியாகப் போனால் மேற்கு, மதகு வழியாகப் போனால் கிழக்கு. இதை மனதில் வையுங்கள், மழைக்காலப் படியில் இது பெரிய விஷயமாகும்.

முதல் படி: ஏரியின் வடிவத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒவ்வொரு ஏரிக்கும் மூன்று மட்டங்கள் உண்டு. இதற்கு மேல் தேக்கக்கூடாது என்பது முழுக் கொள்ளளவு மட்டம். பெருவெள்ளத்தில் மட்டும் சில மணி நேரம் தொடலாம் என்பது வெள்ள உச்ச மட்டம். இதற்குக் கீழே மின்சாரத்துக்கு எடுக்கக்கூடாது என்பது அடி மட்டம், ஷிஃப்டில் 'மினிமம் டிராடவுன்' என்போம். அதற்குக் கீழே போனால் நீரெடுக்கும் வாயில் சுழி விழும், குழாய்க்குள் காற்று போகும், வண்டலும் வந்து டர்பைனைத் தேய்க்கும்.

இவற்றைவிட முக்கியம், மட்டத்துக்கும் கொள்ளளவுக்கும் உள்ள அட்டவணை. ஏரி என்பது டிரம் அல்ல, கிண்ணம். மேலே அகலம், கீழே குறுகல். பாதி ஆழத்தில் பாதித் தண்ணீர் இருக்கும் என்று புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். கால் பங்குதான் இருக்கும் ஏரிகளும் உண்டு. ஊரில் பாபநாசம் அணை 143 அடி, இன்று 100 அடி என்று பேப்பரில் படித்துவிட்டு, நூற்றுக்கு எழுபது இருக்கிறது என்று பெரியவர்கள் கணக்குப் போடுவதைக் கேட்டிருக்கிறேன். அடிக்கணக்கு வேறு, தண்ணீர்க் கணக்கு வேறு.

இனி ஒரு கற்பனை ஏரியை வைத்துக்கொள்வோம், எல்லாக் கணக்கையும் அதிலேயே போடலாம். முழுதாக நிரம்பும்போது பரப்பு 20 சதுர கிலோமீட்டர். அப்படியானால் மேல்மட்டத்தில் ஒரு மீட்டர் என்பது 2 கோடி கன மீட்டர். அடிமட்டத்தில் பரப்பு 6 சதுர கிலோமீட்டர் என்றால் அங்கே ஒரு மீட்டர் வெறும் 60 லட்சம் கன மீட்டர். கோடையில் மட்டம் 'வேகமாக' இறங்குவதற்குப் பாதிக் காரணம் இதுதான். நீங்கள் எடுக்கும் அளவு மாறாமலே மட்டம் மூன்று மடங்கு வேகத்தில் இறங்கும்.

அட்டவணை எந்த ஆண்டு அளந்தது என்றும் பாருங்கள். வண்டல் சேரச் சேரப் பழைய அட்டவணை இல்லாத தண்ணீரை இருப்பதாகக் காட்டும்.

இரண்டாம் படி: தண்ணீரை யூனிட்டாக மாற்றுங்கள்

வினாடிக்கு எத்தனை கன மீட்டர், எத்தனை மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது, இரண்டையும் பெருக்கி 9.81-ஆல் பெருக்கினால் கிலோவாட். அதை இயந்திரங்களின் திறனால் பெருக்க வேண்டும், திறன் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். 500 மீட்டர் உயரத்திலிருந்து வினாடிக்கு ஒரு கன மீட்டர் விழுந்தால் ஏறத்தாழ 4.2 மெகாவாட். பத்து லட்சம் கன மீட்டர் விழுந்து முடித்தால் ஏறத்தாழ 11.6 லட்சம் யூனிட். ஒரு டி.எம்.சி., அதாவது 2.83 கோடி கன மீட்டர், 3.3 கோடி யூனிட்டுக்குப் பக்கத்தில் தரும்.

இந்த எண்ணை உங்கள் நிலையத்துக்குக் கணக்கிட்டு, கட்டுப்பாட்டு அறைச் சுவரில் எழுதி வையுங்கள். எங்கள் கற்பனை ஏரியில் ஒரு சென்டிமீட்டர் என்பது 2 லட்சம் கன மீட்டர், அதாவது 2.3 லட்சம் யூனிட். இது தெரிந்த பிறகு யாரும் அளவுகோலை அலட்சியமாகப் பார்க்க மாட்டார்கள்.

உயரம் அதிகமுள்ள நிலையத்துக்கும் அணையடி நிலையத்துக்கும் வித்தியாசம் இங்கேதான். 500 மீட்டர் விழும் இடத்தில் ஏரி 10 மீட்டர் இறங்கினால் இழப்பு 2 சதவீதம்தான். அங்கே கொள்ளளவுதான் பணம், மட்டம் அவ்வளவு இல்லை. 35 மீட்டர் விழும் அணையடி நிலையத்தில் அதே 10 மீட்டர் இறங்கினால் ஒவ்வொரு கன மீட்டரும் தரும் மின்சாரத்தில் கால் பங்குக்கு மேல் போய்விடும். மேட்டூர் மாதிரி அணைகளில் மட்டம் இறங்க இறங்க மின்சாரமும் கண்கூடாகக் குறைவது இதனால்தான். அப்படிப்பட்ட இடத்தில் மட்டத்தை உயரத்தில் நிறுத்தி, வரும் நீரை மட்டும் ஓட்டுவது லாபம். மலை ஏரியில் அந்தக் கட்டாயம் இல்லை, கீழே வரை துணிந்து இறங்கலாம். ஒன்றில் பழகியவர் இன்னொன்றுக்கு மாற்றலாகி வரும்போது இந்தப் பழக்கத்தை மாற்ற ஒரு வருடம் ஆகிறது.

மூன்றாம் படி: தினமும் காலை எட்டு மணி நீர்க்கணக்கு

ஏரிக்குள் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதை நேரடியாக அளக்க முடியாது. ஓடைகள் ஐம்பது, மழை எங்கும் பெய்கிறது. அதனால் பின்னாலிருந்து கணக்கிடுகிறோம். கொள்ளளவு எவ்வளவு கூடியது, டர்பைனுக்கு எவ்வளவு போனது, மதகில் எவ்வளவு, ஆவியாதலும் கசிவும் எவ்வளவு. எல்லாவற்றையும் கூட்டினால் வந்த தண்ணீர்.

நேற்று எட்டு மணிக்கு 605.20 மீட்டர், இன்று 605.26. ஆறு சென்டிமீட்டர் ஏற்றம், 12 லட்சம் கன மீட்டர். டர்பைனுக்குப் போனது 9 லட்சம். ஆவியாதல் அரை லட்சம். மதகு மூடியிருந்தது, கசிவு பொருட்படுத்தும் அளவில் இல்லை. ஆக வந்தது 21.5 லட்சம் கன மீட்டர். வினாடிக்கு 25 கன மீட்டர், நம் பேச்சில் 880 கன அடி.

கணக்கு சுலபம். அளவு எடுப்பதுதான் சிரமம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஜூலை காலை, மட்டம் ஒரே இரவில் 30 சென்டிமீட்டர் ஏறியதாக அணையிலிருந்து போன் வந்தது. கணக்குப் போட்டால் நீர்வரத்து முந்தின நாளைவிடப் பல மடங்கு. வெள்ள எச்சரிக்கை அனுப்பக் கை எடுத்துவிட்டேன். அன்று ஷிஃப்டில் இருந்த மூத்தவர் ஒருவர், "மழைமானி என்ன சொல்லுது, முதல்ல அதைக் கேளு" என்றார். மலையில் இரவு மழை 15 மில்லிமீட்டர்தான். பிறகு போய்ப் பார்த்தால், அளவுகோல் நட்ட இடத்துக்கு நேராகக் காற்றடித்து அலை ஏறியிருக்கிறது, டார்ச் வெளிச்சத்தில் அலையின் உச்சியைப் படித்திருக்கிறார்கள். தவறு அந்த ஆளுடையது மட்டும் அல்ல, சரிபார்க்காமல் கணக்குப் போட்ட என்னுடையதும்தான். அன்றிலிருந்து மூன்று பழக்கங்களை விட்டதில்லை. அளவுகோலை இரண்டு நிமிட இடைவெளியில் மூன்று முறை படித்து நடு எண்ணை எழுதுவது. மழைமானியோடு ஒப்பிடாமல் எந்த நீர்வரத்து எண்ணையும் மேலே அனுப்பாமல் இருப்பது. ஒரு நாள் கணக்கை நம்பாமல் மூன்று நாள் சராசரியைப் பக்கத்தில் எழுதுவது.

கோடையில் நீர்வரத்து கழித்தல் குறியில் வந்தால் பயப்பட வேண்டாம். ஆவியாதலைக் குறைத்துப் போட்டிருப்பீர்கள், அல்லது கரையோர கிராமங்கள் எடுக்கும் தண்ணீர் கணக்கில் வந்திருக்காது. அதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

நான்காம் படி: ஆண்டுக் கோட்டைப் பின்னாலிருந்து வரையுங்கள்

எந்தத் தேதியில் மட்டம் எங்கே இருக்க வேண்டும் என்று காட்டும் கோட்டை 'ரூல் கர்வ்' என்கிறோம். முல்லைப் பெரியாறு செய்திகளில் இந்தச் சொல் அடிபடுவதைப் படித்திருப்பீர்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் நீர் ஆண்டு ஜூன் 1-இல் தொடங்கி மே 31-இல் முடிகிறது. லோனாவாலா பக்கம் நான்காயிரம் மில்லிமீட்டர் பெய்யும் என்றாலும் எல்லாம் நான்கு மாதத்தில், அதிலும் பெரும்பகுதி ஜூலை ஆகஸ்டில். மீதி எட்டு மாதம் ஏரியில் இருப்பதுதான் சொத்து. அதனால் கோட்டை முன்னாலிருந்து வரையக் கூடாது.

முதலில் மே 31-இல் எவ்வளவு மிச்சம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். பருவமழை தாமதமானால் ஜூன் முழுவதும், ஜூலையில் இரண்டு வாரமும் தாங்க வேண்டும் என்பது என் கணக்கு. அதில் மின்சாரம் மட்டும் இல்லை. பிவ்புரியிலிருந்து உல்ஹாஸில் விழும் தண்ணீரை பத்லாப்பூர், கல்யாண் பக்கத்து ஊர்கள் குடிக்கின்றன. கோபோலியிலிருந்து வருவது பாதாள்கங்கா தொழிற்பேட்டைக்குப் போகிறது. கோலாடில் ரப்பர் படகு விடுபவர்கள் காலையில் பீராவிலிருந்து வரும் தண்ணீரை நம்பித்தான் ஆள் சேர்க்கிறார்கள். டர்பைன் நின்றால் இவர்கள் எல்லோரும் நிற்கிறார்கள். அந்தக் குறைந்தபட்சத்தை அடியில் ஒரு கோடாகப் போட்டு, அதைத் தொடாமல் மேலே கட்டுங்கள்.

அடுத்தது சட்ட வரம்பு. கிருஷ்ணா நீரை மேற்கே திருப்புவதற்கு 1976-இல், மாநிலங்களுக்கு நடுவே கிருஷ்ணா நீரைப் பங்கிட அமைத்த பச்சாவத் தீர்ப்பாயம் எல்லை வகுத்தது. இந்த ஏரிகளுக்கு ஓர் ஆண்டில் 54.5 டி.எம்.சி.க்கு மேல் கூடாது, தொடர்ந்து வரும் ஐந்து ஆண்டுகளில் மொத்தம் 212-ஐத் தாண்டக்கூடாது. சராசரி 42.4 டி.எம்.சி. நாம் கண்ட கணக்கில் அது 139 கோடி யூனிட். 447 மெகாவாட்டும் ஆண்டு முழுவதும் ஓடினால் ஏறத்தாழ 392 கோடி யூனிட் வர வேண்டும். ஆக, தண்ணீர் அனுமதிப்பது நாளுக்குச் சராசரியாக எட்டரை மணி நேர ஓட்டம்தான். இது தோராயக் கணக்குதான், ஆனால் இதன் பொருள் பெரியது. இயந்திரம் தாராளம், தண்ணீர் தட்டுப்பாடு. அந்த எட்டரை மணி நேரம் எது என்று தேர்ந்தெடுப்பதுதான் நம் வேலை.

பிறகு அக்டோபர் 15-ஐக் குறியுங்கள். மகாராஷ்டிரத்தில் நீர்த்தேக்கங்களின் ஆண்டுப் பங்கீடு அன்றைய இருப்பை வைத்துத்தான் முடிவாகிறது. அன்றைக்கும் மே 31-க்கும் நடுவே மாதவாரியாகப் பிரித்து வரைந்துகொண்டு வாருங்கள். மழைக்காலப் பகுதியை வேறு விதமாக வரைய வேண்டும், அது கீழே.

ஐந்தாம் படி: எந்த மணி நேரத்தில் ஓட்டுவது

ஒரு நாள் 15 நிமிடத் துண்டுகளாக 96 ஆகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. யார் எவ்வளவு மின்சாரம் தருவது என்று பார்த்துக்கொள்ளும், ஐரோலியில் உள்ள மாநில லோடு டெஸ்பாட்ச் சென்டருக்கு ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு தருவோம் என்று முந்தின நாளே சொல்ல வேண்டும். அனல் நிலையம் ஏறி இறங்க மணிக்கணக்கு ஆகும். நீர்மின் இயந்திரம் சில நிமிடங்களில் முழு அளவுக்கு வந்துவிடும். அதனால் இந்தத் தண்ணீரை அனல் செய்ய முடியாத வேலைக்கே வையுங்கள்: மாலை விளக்கு ஏறும் நேரம், சூரிய மின்சாரம் விழும் நேரம், அக்டோபர் புழுக்கத்தில் ஏ.சி. எல்லாம் ஒன்றாக ஓடும் நேரம். நண்பகலில் சூரிய மின்சாரம் நிறைய இருக்கும்போது ஏரித் தண்ணீரை விடுவது, சந்தையில் மலிவாகக் கிடைப்பதைச் செய்ய வீட்டுச் சேமிப்பை உடைப்பது மாதிரி.

பீராவில் தண்ணீரைக் கீழிருந்து மேலே திருப்பி ஏற்றும் 150 மெகாவாட் இயந்திரம் ஒன்றும் இருக்கிறது. நம் ஊர்ப் பக்கம் வால்பாறை மலையில் கடம்பாறையில் 400 மெகாவாட் இருப்பது மாதிரி. ஏற்ற 100 யூனிட் செலவானால் திரும்ப 75 முதல் 80 கிடைக்கும். நஷ்டம்தானே என்று கேட்பார்கள். மலிவான நேரத்து 100-ஐ, ஆள் அலைகிற நேரத்து 75 ஆக மாற்றுவது நஷ்டம் இல்லை. ஆனால் ஏற்றும் தண்ணீருக்கு மேலே உள்ள ஏரியில் இடம் வேண்டும், கீழ்க் குளத்தில் இருப்பும் வேண்டும். இரண்டு மட்டங்களையும் சேர்த்துப் பார்க்காமல் பம்பைத் தொடாதீர்கள்.

எத்தனை இயந்திரம் ஓட்டுவது என்பதும் தண்ணீர்க் கணக்குதான். 60 மெகாவாட் கேட்டால் மூன்றைக் கால்வாசி சுமையில் ஓட்டாமல், நல்ல திறன் தரும் சுமையில் எத்தனை வேண்டுமோ அத்தனையை மட்டும் ஓட்டுங்கள். பெல்ட்டன் சக்கரம், அதாவது நீர்த்தாரை மோதிச் சுற்றும் டர்பைன், பாதிச் சுமையையும் ஓரளவு பொறுக்கும். நீருக்குள்ளேயே சுற்றும் பிரான்சிஸ் வகை டர்பைன் நடுச் சுமையில் அதிரும், தண்ணீரையும் தின்னும்.

ஆறாம் படி: மழைக்காலம்

இங்கே நிதானமாகப் படியுங்கள், இதில் உயிர்கள் இருக்கின்றன.

எங்கள் கற்பனை ஏரிக்கு நீர்ப்பிடிப்புப் பகுதி 120 சதுர கிலோமீட்டர் என்று வையுங்கள். ஊறி நனைந்த மண்ணில் ஒரே நாளில் 200 மில்லிமீட்டர் பெய்தால், இந்த மலையில் அது அதிசயமே இல்லை, அதில் 80 சதவீதம் ஏரிக்கு வரும். 1.92 கோடி கன மீட்டர். மட்டம் ஒரு நாளில் 96 சென்டிமீட்டர் ஏறும். எல்லா டர்பைனையும் 24 மணி நேரம் முழுதாக ஓட்டினாலும், வினாடிக்கு 40 கன மீட்டர் என்றால், இறங்குவது 17 சென்டிமீட்டர்தான். ஒரு மீட்டர் இடம் உண்டாக்க ஆறு நாள் வேண்டும்.

வானிலை முன்னறிவிப்பில் அந்த மழை தெளிவாகத் தெரிவது இரண்டு மூன்று நாள் முன்புதான். ஆக, அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஓட்டத் தொடங்கினால் நேரம் போதாது. அதனால்தான் ஜூலையில் கோடு ஏரியை நிரப்பச் சொல்லாது. ஜூலை கடைசியில் மேல்பகுதியை வெறுமையாக வைத்து, ஆகஸ்டில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்து, செப்டம்பர் இரண்டாம் பாதியில் முழு மட்டத்தைத் தொடச் சொல்லும். நிரம்பிய ஏரியைப் பார்த்தால் மனசுக்குச் சந்தோஷம்தான். ஜூலையில் அந்தச் சந்தோஷத்துக்கு ஆசைப்படாதீர்கள்.

இடம் உண்டாக்கச் சிறந்த வழி டர்பைன்தான். ஜூலை ஆகஸ்டில் மின்சாரத்துக்குக் கிராக்கி இல்லாவிட்டாலும் கோட்டுக்கு மேலே போன தண்ணீரை இராப்பகலாக ஓட்டிவிடுங்கள். மதகில் போனால் யூனிட்டும் போச்சு, கிழக்கே வெள்ளமும் ஆச்சு. முள்ஷியில் திறக்கும் தண்ணீர் முளா ஆற்றில் புனேவுக்குப் போகிறது. அதே நேரம் கடக்வாஸ்லா அணையிலிருந்து முட்டா ஆற்றிலும் தண்ணீர் வரும், இரண்டும் புனே நகருக்குள் சங்கமத்தில் கூடும், அப்புறம் பீமா வழியாக உஜ்ஜனி அணைக்குப் போகும். உங்கள் ஏரிக் கணக்கை மட்டும் பார்த்துத் திறந்தால் இரண்டு உச்சமும் ஒன்றாகப் போய் நிற்கும். புனே நீர்ப்பாசனத் துறைக்குப் போன் போடாமல் மதகில் கை வைக்கக்கூடாது.

திறக்க வேண்டி வந்தால் சிறிதாகத் தொடங்கி, முன்கூட்டியே, பகலில் திறவுங்கள். சைரன், கலெக்டர் அலுவலகம், காவல் நிலையம், கரையோர கிராமங்கள் என்ற வரிசை லாக் புக்கின் முதல் பக்கத்தில் இருக்கட்டும், யாருக்கு எத்தனை மணிக்குச் சொன்னோம் என்று எழுதுங்கள். அடுத்த திறப்புக்கு நடுவே ஆற்றில் இருக்கும் ஆள் கரையேற நேரம் கொடுங்கள். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்தில் வினாடிக்கு 29,000 கன அடி திறந்ததை நம்மில் யாரும் மறக்கவில்லை. 2018 ஆகஸ்டில் இடுக்கியை 26 ஆண்டுக்குப் பிறகு திறந்ததையும் பார்த்தோம். அதிகக் காலம் திறக்காத ஆற்றில் மக்கள் படுகையையே வீட்டு மனையாக நினைத்துவிடுகிறார்கள்.

மேற்குப் பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. கொங்கணத்தில் பெருமழை பெய்து குண்டலிகாவோ பாதாள்கங்காவோ கரைபுரளும்போது, கடலில் ஏற்றமும் சேர்ந்தால், டர்பைன் தண்ணீரும் அந்த வெள்ளத்தில் ஒரு பங்குதான். அப்போது உற்பத்தியைக் குறைக்க வேண்டி வரும். பெல்ட்டன் சக்கரம் காற்றில் சுழல வேண்டிய ஜாதி. கீழ் மட்டம் ஏறிச் சக்கரத்தைத் தொட்டால் நிறுத்தியே ஆக வேண்டும். அதாவது மேலே இடம் அதிகம் தேவைப்படும் அதே நாளில் கீழ்வழி அடைபடலாம். ஜூலையில் இடம் விட்டு வைக்கச் சொல்வதற்கு இது இரண்டாவது காரணம், என்னைக் கேட்டால் முதல் காரணத்தைவிடக் கனமானது.

ஏழாம் படி: அக்டோபர் முதல் மே வரை

இது பொறுமையின் காலம். வாரத்துக்கு ஒரு ஒதுக்கீடு, திங்கட்கிழமை கோட்டோடு ஒப்பீடு, அவ்வளவுதான். ஒரு வாரம் கோட்டுக்குக் கீழே போனால் அடுத்த நான்கு வாரத்தில் பரப்பிச் சரிக்கட்டுங்கள், ஒரே வாரத்தில் இழுக்காதீர்கள்.

பல ஏரிகள் ஒரே நிலையத்துக்கு இறங்கினால் எதை முதலில் எடுப்பது? அகலமாகவும் ஆழமில்லாமலும் இருப்பதை முதலில் காலி செய்யுங்கள். ஏப்ரலில் நாளுக்கு 7.5 மில்லிமீட்டர் ஆவியானால் 20 சதுர கிலோமீட்டர் பரப்பில் தினமும் ஒன்றரை லட்சம் கன மீட்டர் வானத்துக்குப் போகிறது, 1.7 லட்சம் யூனிட். ஆழமான ஏரியில் அதே தண்ணீர் குறைந்த வெயிலில் காயும்.

இருப்பில் ஒரு பகுதியை அவசரத்துக்கு ஒதுக்கி, அதைத் தொடாதீர்கள். 2020 அக்டோபர் 12 காலை மும்பை இருண்டு லோக்கல் வண்டிகள் நடுவழியில் நின்றதே, அப்படிப்பட்ட நாளில் வெளி மின்சாரம் இல்லாமல் தானே எழுந்து மற்ற நிலையங்களுக்கு உயிர் கொடுக்கக்கூடியது நீர்மின் இயந்திரம்தான். மே மாதக் கடைசியிலும் இரண்டு இயந்திரமாவது சில மணி நேரம் ஓடும் தண்ணீர் இருக்க வேண்டும்.

மட்டம் இறங்கும்போது கரையில் வெளிப்படும் நிலத்தையும் பாருங்கள். முள்ஷியில் அந்த நிலம் ஒரு காலத்தில் நெல் விளைந்த வயல். 1921 முதல் 1924 வரை சேனாபதி பாபட் தலைமையில் விவசாயிகள் இந்த அணையை எதிர்த்துச் சத்தியாகிரகம் செய்தார்கள், தோற்றார்கள், ஊர்கள் மூழ்கின. இன்று கரையில் இருப்பவர்கள் தண்ணீர் கேட்டு வந்தால் அந்தக் கோரிக்கையைத் தொல்லையாக எழுதி வைக்காதீர்கள். நீர்க்கணக்கில் அவர்களுக்கு ஒரு வரி உண்டு என்று மூன்றாம் படியில் சொன்னது இதனாலும்தான்.

மதகு, ஷட்டர், குழாய் எல்லாம் பார்க்கும் வேலையை மட்டம் அடியில் இருக்கும் ஏப்ரல் மே மாதங்களில் முடித்துவிடுங்கள். ஜூன் 10-இல் ஷட்டர் ரப்பர் மாற்ற ஆள் தேடக்கூடாது.

எட்டாம் படி: மே 31, பிறகு முதல் மழை

ஆண்டுக் கடைசியில் வந்தது, டர்பைனுக்குப் போனது, வழிந்தது, ஆவியானது, மிச்சம் என்று ஐந்து எண்களை ஒரே தாளில் எழுதி, பக்கத்தில் கோடு சொன்னதையும் எழுதுங்கள். வழிந்தது எந்த வாரத்தில், ஏன் என்பதற்கு இரண்டு வரி. ஐந்து ஆண்டு மேற்குத் திருப்பலின் கூட்டுத்தொகையும் அதே தாளில் வேண்டும், அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு பாக்கி என்பது அதில்தான் தெரியும்.

ஜூன் முதல் மழையில் ஏமாந்துவிடாதீர்கள். எட்டு மாதம் காய்ந்த மண் முதலில் தான் குடிக்கும். மலையில் நாளுக்கு 80 மில்லிமீட்டர் என்று மழைமானி காட்டும், அளவுகோல் அசையாது. மும்பையிலிருந்து மழை வந்துவிட்டதே, இன்னும் ஏன் கஞ்சத்தனம் என்று போன் வரும். நீர்வரத்தின் மூன்று நாள் சராசரி, டர்பைனுக்கு எடுக்கும் அளவைத் தாண்டும் வரை மே மாத ஒதுக்கீட்டிலேயே ஓட்டுங்கள். தாண்டிய தேதியை லாக் புக்கில் சிவப்பு மையில் எழுதிக்கொண்டு, அன்றிலிருந்து புதுக் கோட்டுக்கு மாறுங்கள்.